மனோராவின் முன்னால் ஒரு மேய்ச்சல் நிலம்

மல்லிப்பட்டினத்துக்கு அருகே கடலோரம் நிற்கும் மனோராவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர், தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக எழுப்பிய அந்த எட்டு அடுக்குக் கோபுரத்தைச் சுற்றிப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, கடற்கரையில் சிறிது நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாக் விரிகுடா ஆழமில்லாத, அலை அடங்கிய கடல் என்பதால் கண்ணைக் கவர அங்கே பெரிதாக எதுவும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பர் 21 அன்று இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாப்பட்டினம் வரை, இந்தக் கரையை ஒட்டித்தான் விரிந்திருக்கிறது. அதில் ஏறக்குறைய 12,250 ஹெக்டேர் கடற்புல் வெளி. கடற்பசுவை, இந்தக் கரையில் எல்லோரும் சொல்லும் பெயரில் ஆவுளியாவை, உயிரோடு வைத்திருப்பது அந்தப் புல்தான். நான் வந்ததும் அந்தப் புல்லைப் பார்க்கத்தான்.

மாசி மாதக் கடைசி. வாடைக்காற்று ஓய்ந்து, கடல் கலக்கம் தெளிந்திருந்த நேரம். கரையில் நடந்தபோது முதல்நாள் இரவு ஒதுங்கிய புல் குவியல் குவியலாகக் கிடந்தது. உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். நுனி மழுங்கி ஓரத்தில் நுண்ணிய பற்கள் கொண்ட பட்டை இலைகள் ஒரு வகை. ஊசிபோல உருண்டு நீண்டவை இன்னொரு வகை. கட்டைவிரல் நகம் அளவில் இரண்டிரண்டாக முளைத்த முட்டை வடிவ இலைகள் மூன்றாவது வகை. எல்லாவற்றின் அடியிலும் கணுக்கணுவாகக் கிழங்குத்தண்டும் வேரும் இருந்தன. பலரும் இவற்றைப் பாசி என்றே நினைக்கிறார்கள். பாசிக்கு வேர் கிடையாது, பூவும் கிடையாது. கடற்புல் தண்ணீருக்கு அடியிலேயே பூத்து, காய்த்து, விதை விடுகிற தாவரம். இந்த விதையைப் பற்றிக் கீழே மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் காலை நண்டு வலை எடுக்கப் போகும் ஒரு பெரியவரின் ஃபைபர் படகில் இடம் கிடைத்தது. விடிந்து வெகுநேரம் ஆகவில்லை. கரை இன்னும் தெளிவாகத் தெரிகிற தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, கழியை ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு போனார். தண்ணீர் ஆளுயரம்கூட இருக்காது. ஓரிடத்தில் நிறுத்தி, "தம்பி, கண்ணாடிய மாட்டிக்கிட்டு முகத்த மட்டும் உள்ள விட்டுப் பாருங்க, காலை ஊனிறாதீங்க" என்றார். பார்த்தேன். அடர்ந்த புல் தரையின் நடுவே, ஒரு சாண் அகலத்தில், மூன்று நான்கு மீட்டர் நீளத்துக்கு, வளைந்து செல்லும் வெற்று மணல் கோடு ஒன்று தெரிந்தது. அதற்குச் சற்று அப்பால் இன்னொன்று, அதைக் குறுக்கே வெட்டி மூன்றாவது. முதல் கோட்டின் இரு ஓரங்களிலும் அறுபட்ட கிழங்குத்தண்டின் முனைகள் வெளுப்பு மாறாமல் துருத்திக்கொண்டிருந்தன. "ஆவுளியா மேஞ்ச தடம். நேத்தோ முந்தாநாளோ மேஞ்சிருக்கும்" என்றார் பெரியவர். மூன்றாவது தடம் பழையது. அதன் மணலில் அந்த முட்டை வடிவச் சிறிய இலைகள் ஏற்கெனவே பரவத் தொடங்கியிருந்தன.

ஆவுளியாவை நான் பார்க்கவில்லை. பார்ப்போம் என்று எதிர்பார்த்தும் போகவில்லை. ஆனால் அந்தத் தடம் சொல்லும் செய்தி, தூரத்தில் ஒரு முதுகு தெரிந்து மறைவதைக் காட்டிலும் அதிகம் என்று நான் நினைக்கிறேன். மூன்று மீட்டர் நீளமும் நானூறு கிலோ வரை எடையும் உள்ள இந்த உயிரினம், கண்பார்வையைவிடத் தன் அகன்ற மேலுதட்டில் இருக்கும் முள்மயிர்களைத்தான் நம்புகிறது. அவற்றால் தடவி, இலையை மட்டும் கடிக்காமல், சத்து சேர்ந்திருக்கும் கிழங்குத்தண்டையும் வேரோடு பிடுங்கித் தின்கிறது. ஒரு நாளைக்கு முப்பது நாற்பது கிலோ புல் வேண்டும். ஆய்வாளர்கள் ஆவுளியா எங்கே இருக்கிறது, எப்போது வருகிறது என்பதை அறிய இந்தத் தடங்களைத்தான் அளக்கிறார்கள், எண்ணுகிறார்கள்.

இப்படி வேரோடு பிடுங்கினால் புல்வெளி அழிந்துவிடாதா என்ற கேள்வி எனக்கும் இருந்தது. ஆஸ்திரேலியாவின் மோர்ட்டன் விரிகுடாவில் ஆந்தனி பிரீன் செய்து 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறான பதிலைத் தருகிறது. அங்கே ஆவுளியாக் கூட்டங்கள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து மேய்கின்றன. அப்படி மேயும்போது நார் மிகுந்த, மெதுவாக வளரும் புல் குறைந்து, சீக்கிரம் தழைக்கும், நைட்ரஜன் சத்து மிகுந்த, ஆவுளியாவுக்கு மிகவும் பிடித்த ஹாலோஃபைலா வகை அந்த வெற்றிடத்தைப் பிடிக்கிறது. அதாவது விலங்கு தன் தீவனத்தைத் தானே பயிர் செய்துகொள்கிறது. பழைய தடத்தில் நான் பார்த்த அந்த முட்டை வடிவ இலைகளும் ஹாலோஃபைலாதான்.

விதையைப் பற்றிய ஆய்வு இன்னும் அண்மையது. 2017இல் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்கள், ஆவுளியாவும் பச்சை ஆமையும் கழித்த சாணத்தைச் சேகரித்து, அதில் இருந்த கடற்புல் விதைகளை முளைக்க வைத்துக் காட்டினார்கள். விதைகள் உயிரோடு இருந்தன. அந்த விலங்குகள் நகரும் வேகத்தையும் செரிமானத்துக்கு ஆகும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு விதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப்போய் விழவும் வாய்ப்புண்டு. காட்டில் யானை செய்கிற வேலை இது. நிலத்தில் வாழும் விலங்குகளில் ஆவுளியாவுக்கு நெருங்கிய உறவுகளில் ஒன்று யானை என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். புயலால் பெயர்ந்துபோன ஒரு புல்வெளிக்கு, தப்பிய இன்னொரு புல்வெளியிலிருந்து விதை வந்து சேர ஆவுளியா வழி வைக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையைப் புரட்டிப்போட்டதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதன் மதிப்பைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

புல் இருந்தால் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் அதில் ஒண்டி வளரும். அதுவே கரையோரத்தில் நாட்டுப்படகுத் தொழில் செய்பவர்களின் வருமானம். அன்று காலை பெரியவரின் வலையில் ஏறிய நண்டும் அந்தப் புல்வெளியின் ஓரத்தில் கிடைத்ததுதான். ஆகவே ஆவுளியாவையும் மீனவரையும் எதிரெதிராக நிறுத்திப் பேசும் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. இருவருக்கும் ஒரே நிலம். சிக்கல் அங்கேதான் தொடங்கவும் செய்கிறது, ஏனென்றால் ஆவுளியா மேய்கிற அதே ஆழத்தில்தான் செவுள்வலையும் விரிக்கப்படுகிறது.

ஆவுளியா மீன் அல்ல. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். வலையில் மாட்டி மேலே வர முடியாமல் போனால், காயம் ஏதும் இல்லாமலேயே மூச்சடைத்துச் செத்துவிடும். இறப்பு இவ்வளவு விரைவானது என்றால் பிறப்பு அவ்வளவு மெதுவானது. பெண் ஆவுளியா முதல் குட்டி ஈனக் குறைந்தது ஆறு ஏழு ஆண்டுகள் ஆகும். சிலவற்றுக்குப் பதினாறு பதினேழு ஆண்டுகள்கூட ஆகலாம். ஒரு வருடத்துக்கும் மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈன்று, ஒன்றரை ஆண்டு வரை பால் கொடுத்து, அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் இடைவெளி விடுகிறது. எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடிய உயிர் என்பதால் இந்த நிதானம் அதற்குப் போதுமானதாக இருந்தது. ஹெலன் மார்ஷ் முதலிய ஆய்வாளர்களின் கணக்குப்படி, எல்லாம் சாதகமாக அமைந்தாலும் ஓர் ஆவுளியாக் கூட்டம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு மேல் பெருக முடியாது. பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டபோது நாடு முழுவதற்கும் சொல்லப்பட்ட கணிப்பு சுமார் 240. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், குஜராத் முதல் அந்தமான் வரை எல்லாக் கடலிலும் சேர்த்து, ஆண்டுக்குப் பன்னிரண்டு வளர்ந்த ஆவுளியாக்கள் கூடுதலாக வலையில் செத்தாலே பெருக்கம் நின்றுவிடும்.

இந்த எண்ணை எழுதும்போது எனக்குச் சீனாவின் நிலை கண்முன் வருகிறது. அங்கே 1988 முதலே ஆவுளியாவுக்கு மிக உயர்ந்த சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் தென்சீனக் கடலோரத்தில் 788 மீனவர்களிடம் நேரில் கேட்டு 2022இல் வெளியான ஆய்வில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஆவுளியாவைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் மூன்றே பேர். உறுதி செய்யப்பட்ட பதிவுகள் 2008உடன் நின்றுபோயிருந்தன. சீனக் கடலில் ஆவுளியா ஏறத்தாழ முற்றும் அற்றுவிட்டது என்று அந்த ஆய்வு முடிவு கூறியது. பாக் விரிகுடாவில் நாம் வேலி போட்ட அதே ஆண்டில் இந்த முடிவு வந்தது. காகிதத்தில் உள்ள சட்டம் வலைக்குள் இருக்கும் விலங்குக்கு மூச்சு கொடுக்காது. அந்த நேரத்தில் அங்கே இருப்பவர் மீனவர் ஒருவர்தான்.

அதனால்தான் படகில் நான் அதிகம் கேட்டது வலையைப் பற்றி. இளவயதில் ஆவுளியாக் கறியைப் பங்கு போட்டுக்கொண்டதைப் பெரியவர் மறைக்கவில்லை; அதன் கறி நோய்க்கு மருந்து என்று நம்பிய காலம் அது. இப்போது இந்தக் கரையில் ஆவுளியா சிக்கினால் வலையை அறுத்து விட்டுவிடுகிறார்கள் என்றார். அப்படி விடுவித்த மீனவர்களை வனத்துறை அழைத்துப் பாராட்டி வெகுமதி கொடுத்திருக்கிறது. இந்திய வனவிலங்கு நிறுவனம் மீனவர்களையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத் தன்னார்வலர் வலையமைப்பு ஒன்றை நடத்துகிறது. எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, பெரியவர் ஒன்று சேர்த்தார்: "அறுத்த வலைய மறுபடி கட்டுற வரைக்கும் வீட்ல அடுப்பு எரியணும்ல தம்பி."

என்னுடைய கருத்தையும் தயங்காமல் எழுதிவிடுகிறேன். பாராட்டு விழா வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்பாக, அறுபட்ட வலைக்குரிய தொகை அந்த வாரத்துக்குள் கையில் வந்து சேர வேண்டும். விடுவிப்பதை ஒரு முறை செய்யும் தியாகமாக நினைக்காமல், ஒவ்வொரு முறையும் யோசிக்காமல் செய்யும் பழக்கமாக ஆக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அதோடு, விசைப்படகுகளின் இழுவை மடி கரையோரப் புல்வெளிக்குள் வராமல் தடுக்கும் சட்டமும் கண்டிப்பாக நடைமுறையில் இருக்க வேண்டும். ஆவுளியா வேரோடு பிடுங்கினாலும் இரு பக்கமும் புல்லை விட்டுவைக்கிறது. இழுவை மடி எதையும் விட்டுவைப்பதில்லை.

அழிந்த இடங்களில் புல்லை நட்டு மீட்கும் வேலையும் இங்கே நடக்கிறது. இந்தப் பகுதியில் பல ஆண்டுகளாக இயங்கும் ஓம்கார் அறக்கட்டளை, மூங்கில் சட்டங்களில் தேங்காய் நார்க் கயிற்றைக் கட்டி, அதில் புல் முளைகளைச் செருகிக் கடல் தரையில் இறக்குகிறது. மூங்கிலும் நாரும் மக்கிப்போவதற்குள் புல் வேர் பிடித்துக்கொள்ளும். இரும்பையும் பிளாஸ்டிக்கையும் தவிர்த்த இந்த முறை எனக்குப் பிடித்திருந்தது. 2025இல் அபுதாபியில் கூடிய உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாடு பாக் விரிகுடா பாதுகாப்பகத்துக்கு அங்கீகாரம் அளித்ததில் இத்தகைய உழைப்புக்கும் பங்கு உண்டு.

இதைப் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மனோராவில் ஆவுளியா பாதுகாப்பு மையம் அமைக்கப்படும் என்று அரசு அறிவித்திருப்பதால் இனி வருபவர்கள் கூடுவார்கள். அப்போது "ஆவுளியா காட்டுகிறோம்" என்று படகு விடும் ஆட்களும் வரக்கூடும். தயவுசெய்து அந்தப் படகில் ஏறாதீர்கள். மோர்ட்டன் விரிகுடாவில் அமண்டா ஹாட்ஜ்சனும் ஹெலன் மார்ஷும் உயரத்திலிருந்து படம்பிடித்து ஆராய்ந்தபோது, ஐம்பது மீட்டருக்குள் படகு கடந்தால் ஆவுளியாக்கள் மேய்வதைத் தொடரும் வாய்ப்பு குறைவது தெரிந்தது. நாளெல்லாம் மேய்ந்தால்தான் வயிறு நிறையும் விலங்கு அது. ஆழமில்லாத தண்ணீரில் எஞ்சின் விசிறிக்குத் தப்பி மூழ்கவும் அதற்கு இடமில்லை. கரையில் ஒதுங்கும் புல்லைப் பிரித்துப் பாருங்கள். மல்லிப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏலத்துக்கு நில்லுங்கள். நாட்டுப்படகுக்காரர்களிடம் பேச்சுக் கொடுங்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. ஏலம் பார்க்க விரும்புபவர்கள் அதற்கு முன்பாகவோ ஜூன் பாதிக்குப் பிறகோ வருவது நல்லது.