பாய், இனிமேல் ஈரல் வேண்டாம்

ராமேஸ்வரம் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊரில் நாங்கள் கறி வாங்கும் கடையில் எட்டு வருஷமாக ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி நிறுத்துக் கொடுத்ததும், கேட்காமலே நாலு துண்டு ஈரலைக் கொசுறாகப் பொட்டலம் கட்டி "இது ஜிம்மிக்கு" என்று எங்கள் நாய்க்காகப் பாய் நீட்டுவார். போன ஆடியில் நான், பாய், இனிமேல் ஈரல் வேண்டாம், அவனுக்கு ஈரல்ல கோளாறு என்றதும் மனுஷன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "ஈரல்ல கோளாறுன்னா ஈரலைத்தானேக்கா கூடக் குடுக்கணும்?" அவரைச் சொல்லி என்ன, அதற்கு இரண்டு வாரம் முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஜிம்மி பொமரேனியன், 9 வயது, 4 கிலோ. சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவான், மஞ்சள் நுரையாக வாந்தி எடுப்பான். முதலில் காட்டிய இடத்தில் வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு அனுப்பியதில் ஒரு வாரம் வீணாகப் போனது. ஒரு நாள் காலை வெயிலில் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறெல்லாம் மஞ்சள் தண்ணீரில் முக்கின துணி மாதிரி இருந்தது. அப்புறம்தான் மதுரைக்கு ஓடினோம். ஈரல் கெட்டால் ரத்தத்தில் ஏறும் ஏஎல்டி என்ற நொதி 480, நூற்றுக்குள் இருக்க வேண்டியது. எலிக்காய்ச்சலும் உண்ணிக்காய்ச்சலும் இல்லை, ஸ்கேனில் பித்தக்குழாய் அடைப்பும் இல்லை. நாள்பட்ட ஈரல் அழற்சி போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல ஈரலில் துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும், இப்போது இவன் உடம்பு தாங்காது என்றார் டாக்டர்.

என்ன சாப்பிடுவான் என்று கேட்டார். நானும் பெருமையாக, நண்டு, கணவாய்த் தலை, ஈரல், கருவாடு என்று அடுக்கினேன். கடற்கரை வீட்டு நாய் வேறென்ன சாப்பிடும்? அவர் சிரித்துவிட்டு, தேடித்தேடிச் செம்பாகவே போட்டிருக்கிறீர்கள் என்றார். கெட்டுப்போன ஈரலால் செம்பைப் பித்தத்தோடு சேர்த்து வெளியே தள்ள முடியாதாம், அது உள்ளேயே தங்கி ஈரலை அரிக்கும். ஆட்டு ஈரலில் செம்பு ஏராளம், கோழி ஈரலில் அவ்வளவு இல்லை, ஆனாலும் வெறும் சதையைவிடப் பல மடங்கு. நண்டு, கணவாய், சிங்கி இறால் எல்லாவற்றுக்கும் நம் ரத்தத்தில் இரும்பு செய்கிற வேலையைச் செம்புதான் செய்கிறது. அதனால்தான் அதுகளின் ரத்தம் நீலம்.

சரி, கறியையே நிறுத்திக் கஞ்சி ஊற்றலாமா என்றால் அதுவும் தப்பு. புரதம் இல்லாமல் ஈரல் தேறாது. சாப்பிட்ட பிறகு தள்ளாடுவது, சுற்றிச் சுற்றி வருவது, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நிற்பது என்று புரதத்திலிருந்து வரும் அம்மோனியாவை ஈரல் முறிக்காமல் அது மூளைக்கு ஏறின அறிகுறி தெரிந்தால்தான் புரதத்தை டாக்டர் சொல்லும் அளவுக்குக் குறைத்து, லாக்டுலோஸ் சிரப் கொடுப்பார்கள், ஆமாம், நாம் மலச்சிக்கலுக்குக் குடிக்கும் அதேதான். அப்போதும் இறைச்சியைவிட முட்டை, தயிர், பன்னீர் நல்லது. ஜிம்மிக்கு அந்த நிலை வரவில்லை. குழைய வடித்த சோறு, தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி, அவித்த முட்டை பாதி, பரங்கிக்காய், ஒரு கரண்டி தயிர். உப்பு கிடையாது, வெங்காயம் கிடையாது. நாளைக்கு நாலு தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. வீட்டுச் சமையலில் கால்சியம் போதாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பொடியும் உண்டு. எங்கள் கிணறு கரிக்கும், அதனால் குடிக்கக் குடத்துத் தண்ணீர்தான் அவனுக்கும்.

மாத்திரைகளில் பெரிய வம்பு, ஈரலுக்குத் துணையாகக் கொடுக்கும் எஸ்-அடினோசில் மெத்தியோனின். சுருக்கி டாக்டர் சொல்லும்போது 'சாமி' என்றுதான் காதில் விழும், அம்மாவுக்கு அது சாமி மாத்திரையாகவே ஆகிவிட்டது. வெறும் வயிற்றில் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் சாப்பாடு, அதனால் விடியற்காலை ஐந்து மணிக்கே எழுந்துவிடுவேன். உடைக்கக்கூடாது, அட்டையிலிருந்து முன்கூட்டியே எடுத்தும் வைக்கக்கூடாது. நான் வசதிக்காக ஒரு வாரத்து மாத்திரையை டப்பாவில் போட்டுவைத்தேன். உப்பு ஜாடியே கசிகிற ஊர் இது, நாலாம் நாள் பார்த்தால் மாத்திரையெல்லாம் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விலையை நினைத்து வயிறு எரிந்தது. ஈரலுக்கே கொடுக்கும் சிலிமரின் சிரப்பில் இந்தத் தொல்லை இல்லை. மனிதர்களுக்கான சிரப் வாங்கினால் இனிப்புக்குச் சேர்க்கும் சைலிட்டால் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அது நாயின் ஈரலையே கெடுக்கும்.

வருகிறவர்கள் எல்லாரும் கீழாநெல்லி சொல்கிறார்கள். சித்தி அரைத்தே கொண்டுவந்துவிட்டார். 4 கிலோ நாய்க்கு எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது. நன்றி சொல்லி வாங்கி வைத்ததோடு சரி.

ஆறு வாரம் கழித்து எடுத்ததில் ஏஎல்டி 210. மருந்து இன்னும் ஓடுகிறது. நேற்று சாயங்காலம் கரையில் வலை உதறின இடத்தில் ஒரு நண்டுக் காலைக் கவ்விக்கொண்டான். வாயைப் பிளந்து பிடுங்கிப் போட்டேன், வீடு வரும்வரை என் முகத்தையே பார்க்கவில்லை.