இங்கிலாந்தில் கடன் ஆலோசனை: இலவசமா, கட்டணமா?

கிரெடிட் கார்ட், ஓவர்டிராஃப்ட் எல்லாம் சேர்த்து 9,000 பவுண்ட் கடன் என்று வையுங்கள். மாதம் 150 பவுண்ட் கட்ட முடியும், வட்டியும் நிறுத்தப்பட்டுவிட்டது. இலவச அமைப்பு வழியாகக் கட்டினால் 60 மாதத்தில் முடிகிறது. அதே 150-இல் மாதம் 30 பவுண்டைக் கட்டணமாக எடுக்கும் நிறுவனத்திடம் போனால் கடனுக்குப் போவது 120 மட்டும். முடிய 75 மாதம் ஆகும். கூடுதல் 15 மாதம், 2,250 பவுண்ட். இந்தக் காசுக்கு அவர்கள் செய்வது என்ன? வரவு செலவைக் கேட்டு எழுதுகிறார்கள், கடன் கொடுத்தவர்களுக்குக் கடிதம் போடுகிறார்கள், மாதக் காசைப் பிரித்து அனுப்புகிறார்கள். இலவச இடத்திலும் இதே வேலைதான். வட்டியை நிறுத்துவதா வேண்டாமா என்பது வங்கியின் முடிவு. கட்டணம் வாங்குபவர் கேட்டால் வங்கி கூடுதலாக இரங்கிவிடாது.

இலவசம் என்றால் எங்கோ ஒரு கொக்கி இருக்கும் என்று நம்மவர்கள் தயங்குவதுண்டு. இதில் காசு வரும் வழி வெளிப்படையானது. ஸ்டெப்சேஞ்ச், பேபிளான் என்ற இலவச அமைப்புகள் இரண்டும் டிஎம்பி எனப்படும் கடன் மேலாண்மைத் திட்டத்தைத் தாங்களே நடத்துகின்றன. செலவுக்கான காசில் பெரும்பங்கு கடன் கொடுத்த நிறுவனங்களிடமிருந்து வருகிறது. நீங்கள் கட்டுவதில் ஒரு பென்ஸும் குறையாது. நேஷனல் டெட்லைன் என்ற இலவச அமைப்பு திட்டம் நடத்துவதில்லை, ஆனால் உங்களுக்குக் கடன் கொடுத்தவரோடு நீங்களே பேசுவதற்கு நல்ல மாதிரிக் கடிதங்கள் வைத்திருக்கிறது. நேரில் உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் சிட்டிசன்ஸ் அட்வைஸ். இலவசக் கடன் ஆலோசனை பெறுவது 'பப்ளிக் ஃபண்ட்ஸ்' (சில விசாக்காரர் பெறக்கூடாத அரசு உதவிகளின் பட்டியல்) ஆகாது, ஆகவே விசாவில் அந்தத் தடை உள்ளவர்களும் பயப்படாமல் பேசலாம். ஆனால் ஆலோசகர் கவுன்சில் வரிக் குறைப்புக்கு விண்ணப்பிக்கச் சொன்னால் நில்லுங்கள், அது அந்தப் பட்டியலில் இருக்கிறது. விசா நிலையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கூகுளில் தேடும்போது மேலே வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். தொண்டு நிறுவனத்தின் பெயரைப் போலவே பெயர் வைத்த தளங்களும் அவற்றுள் உண்டு. யாராக இருந்தாலும் முதலில் எஃப்சிஏ எனப்படும் நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பின் பதிவேட்டில் பெயரைப் பாருங்கள். பதிவேட்டில் உள்ள எண்ணுக்கே திரும்ப அழையுங்கள். 2014 ஏப்ரலிலிருந்து இந்தத் துறை எஃப்சிஏவின் கீழ் இருக்கிறது. கட்டணம் வாங்கும் நிறுவனம், இலவச ஆலோசனையும் கிடைக்கும் என்பதை முதல் தொடர்பிலேயே சொல்லியாக வேண்டும். மாதா மாதம் நீங்கள் கட்டுவதில் குறைந்தது பாதி, முதல் மாதத்திலிருந்தே கடனுக்குப் போக வேண்டும். முதல் சில மாதக் காசு முழுவதும் 'தொடக்கக் கட்டணம்' என்று சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

மாதக் கட்டணத்தைவிடப் பெரிய ஆபத்து, உங்களுக்குப் பொருந்தாத திட்டத்துக்குள் தள்ளப்படுவது. ஐவிஏ எனப்படும், கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி செய்யும் தவணை ஒப்பந்தத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் காசு பார்த்த இடைத்தரகர்கள் ஏராளம். எஃப்சிஏ 2023-இல் இந்தப் பரிந்துரைக் கட்டணத்தைத் தடை செய்தது, ஆனாலும் 'அரசுத் திட்டத்தில் பெரும்பகுதி தள்ளுபடி' என்ற விளம்பரங்கள் ஓயவில்லை. ஐவிஏ வழக்கமாக 5 அல்லது 6 ஆண்டு. பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும். நடுவில் முறிந்தால், அதுவரை கட்டியதில் ஒரு பகுதி கட்டணமாகப் போயிருக்கும், மிச்சக் கடன் திரும்ப உங்கள் தலையில். இப்போது வாடகை வீட்டில் இருப்பவர், கடன் 20,000 பவுண்ட், எல்லாச் செலவும் போக மாதம் 60 பவுண்ட்தான் மிஞ்சுகிறது என்றால் பாருங்கள். கடன் 50,000 பவுண்டுக்குள், மிஞ்சுவது மாதம் 75-க்குள், சொத்து 2,000-க்குள், கார் இருந்தால் அதன் மதிப்பு 4,000-க்குள் என்றால் அவருக்கு டிஆர்ஓ எனப்படும் கடன் நிவாரண உத்தரவு கிடைக்க வாய்ப்பு அதிகம். 12 மாதத்தில், அதில் சேர்த்த கடன்கள் ஒழியும். 2024 ஏப்ரலிலிருந்து அதற்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. இதைச் சொல்லாமல் அவரை 5 ஆண்டு கட்ட வைப்பது கொடுமை. ஆகவே யாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி: "டிஆர்ஓ எனக்கு ஏன் பொருந்தாது?" (இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும், ஸ்கொட்லாந்தில் திட்டங்களே வேறு.)

அழைக்கும் முன் மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, ஒவ்வொரு கடனின் கடைசிக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். வாடகை அல்லது மோர்ட்கேஜ், கவுன்சில் வரி, காஸ், மின்சாரம், நீதிமன்ற அபராதம் இவை முதலில் கட்ட வேண்டியவை. கார்டும் பெர்சனல் லோனும் பிறகு. சாப்பாட்டுச் செலவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நல்ல பெயர் வாங்க 200 பவுண்ட் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க வேண்டிய மாதத்தில் தவறவிடுவதுதான் திட்டங்கள் முறிவதற்கு வழக்கமான காரணம். சீட்டுக் காசையும் சொந்தக்காரரிடம் வாங்கியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சொந்தக்காரருக்கு மட்டும் இரகசியமாகக் கட்டினால், பிறகு டிஆர்ஓ அல்லது பேங்க்ரப்ஸிக்கு (திவால்) போகும்போது அது கேள்வியாகும்.

கடன் உள்ள வங்கியிலேயே சம்பளம் விழுந்தால், அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கடனே இல்லாத வேறொரு வங்கியில் சாதாரணக் கணக்கு திறந்து, சம்பளத்தையும் வாடகை டைரக்ட் டெபிட்டையும் முதலில் அங்கே மாற்றுங்கள். 6 ஆண்டாகக் கட்டாமலும் எழுத்தில் ஒப்புக்கொள்ளாமலும் கிடக்கும் பழைய கார்டுக் கடன் ஏதும் இருந்தால், திட்டத்தில் சேர்க்கும் முன் ஆலோசகரிடம் கேளுங்கள். நீதிமன்றம் போகும் காலம் கடந்திருக்கலாம். காலம் முடியும் தறுவாயில் உள்ள கடனுக்கோ ஒரு பவுண்ட் கட்டினாலே அந்த 6 ஆண்டுக் கணக்கு புதிதாகத் தொடங்கிவிடும்.

மூச்சு விட நேரம் வேண்டுமென்றால் 'பிரீதிங் ஸ்பேஸ்' கேளுங்கள். 60 நாள், சேர்த்த கடன்களில் வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். ஆலோசகர் வழியாகத்தான் பெற முடியும், 12 மாதத்துக்கு ஒரு தடவை. அந்த மாதங்களின் வாடகையை நீங்கள் கட்டித்தான் ஆக வேண்டும்.

டிஎம்பி யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. அது ஓடும்போதும் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு, கவுண்டி கோர்ட் படிவம் வரலாம். அதைத் திறக்காமல் வைத்தால் 14 நாளுக்குப் பிறகு தீர்ப்பு உங்களுக்கு எதிராகப் பதியப்படலாம்.

ஏற்கெனவே கட்டண நிறுவனத்தில் இருப்பவர் ஒப்பந்தத்தில் வெளியேறும் விதியைப் பாருங்கள். முதலில் இலவச அமைப்பில் பட்ஜெட்டை முடித்து, புதிய திட்டம் தொடங்கும் திகதியைக் கையில் வைத்துக்கொண்டு, பிறகே பழையதை எழுத்தில் நிறுத்துங்கள். இடையில் ஒரு மாதம் விடுபட்டால் வட்டி திரும்ப ஏறலாம். இதுவரை கட்டியது, கட்டணமாகப் போனது, ஒவ்வொரு கடனுக்கும் அனுப்பியது என்று கணக்குக் கேட்டு, கடன் கொடுத்தவர்களிடமும் இருப்பை விசாரித்து ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள். 8 வாரத்தில் இறுதிப் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லை என்றாலும் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் ஃபினான்ஷியல் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, பதில் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும்.