தங்கவயல் ஷேர் பத்திரங்கள்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பெங்களூரில் பழைய தாள் சேகரிக்கிற தமிழர்களுக்குக் கோலார் தங்கவயல் பத்திரத்தின் மேல் தனி ஆசை உண்டு. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன நம் ஆட்கள் இறங்கி உழைத்த சுரங்கங்கள் அவை. பத்திரத்தில் அவர்கள் பெயர் இருக்காது. பங்குதாரர்கள் பெரும்பாலும் சீமைக்காரர்கள். மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் நான்குமே லண்டன் கம்பெனிகள். நிர்வாகம் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்.

ஓரத்துப் பூவேலையைப் பார்த்து விலை பேசாதீர்கள். எழுத்தைப் படியுங்கள். பங்கின் வகை, முகமதிப்பு (பங்கின் மேல் அச்சிட்ட விலை), அதில் எவ்வளவு கட்டப்பட்டது, தேதி: கதை அங்கேதான் இருக்கிறது. உரிகம் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பவுண்டு (அன்றைக்கு 20 ஷில்லிங்) சாதாரணப் பங்கு சந்தையில் 2 ஷில்லிங் 6 பென்ஸுக்கு இறங்கிய நேரத்தில் புதிதாகப் பணம் தேவைப்பட்டது. முழு விலை கொடுக்க யார் வருவார்? ஒரு பவுண்டு முன்னுரிமைப் பங்கில் (லாபத்தில் முதலில் பங்கு பெறும் வகை) 15 ஷில்லிங் கட்டியாயிற்று என்று கணக்கில் எழுதிக்கொண்டு, 5 ஷில்லிங் மட்டும் வாங்கினார்கள். ரோப்பர் என்ற பங்குதாரர் வழக்குப் போட்டார். முகமதிப்புக்குக் குறைத்துப் பங்கு கொடுக்கக் கூடாது என்று 1892இல் பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. கம்பெனிச் சட்டம் படிக்கிறவர்களுக்கு இன்றும் பாடமாக இருக்கும் வழக்கு இது. அதற்கு முந்தைய உரிகம் முன்னுரிமைப் பங்குப் பத்திரம் கிடைத்தால், கறை படிந்திருந்தாலும் விடாதீர்கள்.

வயநாடு கம்பெனிகள் வேறு ரகம். 1880ஐ ஒட்டி லண்டனில் டஜன் கணக்கில் முளைத்து, சில வருஷத்திலேயே மண்ணைக் கவ்வியவை. பெயரில் வயநாடு இருந்தாலும் சுரங்கம் இன்றைய நீலகிரி மாவட்டத்துத் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் இருக்கலாம். கேரள வரைபடத்தில் தேடி ஏமாற வேண்டாம். கலைக்கப்பட்ட கம்பெனிகளின் கோப்புகள் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் பி.டி. 31 வரிசையில் உள்ளன. கம்பெனி பதிவான தேதிக்கு முந்தைய தேதி பத்திரத்தில் இருந்தால் அது போலி.

தாளைச் சோதிக்க 10 மடங்கு லென்ஸும் புற ஊதா டார்ச்சும் போதும். கையெழுத்தும் ஓரக்கோடும் வண்ணப் புள்ளிகளாகச் சிதறித் தெரிந்தால் அது இக்காலத்து நகல். டார்ச் வெளிச்சத்தில் தாள் பளீரென்று நீலமாக மின்னினால், அதில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு புழக்கத்துக்கு வந்த வெளுப்பூட்டி கலந்திருக்கிறது. 1890ஆம் ஆண்டுத் தாள் அப்படி மின்னாது. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கம்பெனி முத்திரையின் மேடு பள்ளம் நிழலோடு எழும்ப வேண்டும். ரத்து செய்த துளையும் பேனாக் கீறலும் குறையல்ல. “இன்னும் பணமாகும்” என்று விற்பவர் சொன்னால் அதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். தங்கவயல் சுரங்கங்கள் 1956இலேயே மைசூர் அரசின் கைக்குப் போய்விட்டன.

லேமினேஷன் தாளைக் கொல்லும், திரும்ப எடுக்கவே முடியாது. செலோடேப்பின் பசை மஞ்சளாக ஊறிவிடும். பி.வி.சி. உறையும் ஆகாது, பாலியெஸ்டர் உறையில், அமிலமில்லாத அட்டையோடு, மடிக்காமல் படுக்கை வசத்தில் வையுங்கள். பழைய இரும்பு மை காலப்போக்கில் தாளை அரிக்கும், ஈரம் பட்டால் இன்னும் வேகமாக. பெங்களூர் மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள்.

வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு விற்க நினைத்தால் முதலில் தொல்லியல் துறையிடம் கேளுங்கள். 75 ஆண்டு கடந்த வரலாற்று ஆவணங்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை.