முற்றமும் தாழ்வாரமும்: நம் வகுப்பு வாக்கியக் கணக்குகள்

செட்டிநாட்டில் 'கணக்கு' என்றால் முதலில் பேரேடுதான் நினைவுக்கு வரும். அதே மண்ணில், கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார்தான் இராமானுஜன் பெயரில் சென்னையில் கணித ஆய்வு நிறுவனம் தொடங்கினார். அதன் முதல் இயக்குநர் தி. விஜயராகவன். வட்டிக் கணக்குக்கும் இயற்கணிதத்துக்கும் நம் பக்கத்தில் தூரம் அதிகமில்லை.

பல்லுறுப்புக் கோவையைக் கண்மூடிக் காரணிப்படுத்தும் பிள்ளைகளும், வாக்கியமாகச் சொன்னதைச் சமன்பாடாக்கித் தீர்க்கும் வாக்கியக் கணக்கில் தடுமாறுவது நம் வகுப்பில் வழக்கம். குறிப்பேட்டிலிருந்து பேரேட்டில் ஏற்றும்போது பற்றை வரவில் எழுதிவிட்டால், பிறகு எவ்வளவு சரியாகக் கூட்டினாலும் ஐந்தொகை நிற்காது. வாக்கியத்தைக் கோவையாக்கும் இடமும் அப்படித்தான். ஆகவே மாறி எதைக் குறிக்கிறது, எந்த அலகில் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும்.

செட்டிநாட்டு வளவு வீட்டின் நடு முற்றம் 20 அடி நீளம், 14 அடி அகலம். நான்கு பக்கமும் ஒரே அகலத்தில் தாழ்வாரம். முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்து 520 சதுர அடி. தாழ்வாரத்தின் அகலம் என்ன?

அகலம் 'அ' அடி என்க. நீளவாட்டில் இந்தக் கோடியில் ஓர் அ, அந்தக் கோடியில் ஓர் அ, அகலவாட்டிலும் அதேபோல. ஆக, (20 + 2அ)(14 + 2அ) = 520. விரித்தால் 4அ² + 68அ + 280 = 520. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து நான்கால் வகுத்தால் அ² + 17அ − 60 = 0. பெருக்கினால் −60, கூட்டினால் 17 தரும் எண்கள் 20, −3. எனவே (அ + 20)(அ − 3) = 0. அகலம் −20 ஆகாது. விடை 3 அடி.

இந்தக் கணக்கில் ஒரு குழி இருக்கிறது. கோடி இரண்டு என்பதை மறந்து (20 + அ)(14 + அ) = 520 என்று எழுதினால் அ² + 34அ − 240 = 0 வரும். அதுவும் (அ + 40)(அ − 6) என்று அழகாகப் பிரிந்து 6 அடி என்று முழு எண்ணைக் கொடுக்கும். பின்னமோ வர்க்கமூலமோ வராததால் சந்தேகமே எழாது. சரிபார்க்கிறேன் என்று தான் எழுதிய சமன்பாட்டிலேயே 6ஐப் போட்டால் அதுவும் பொருந்தும்! சரிபார்க்க வேண்டியது வினாவோடு. 6 அடித் தாழ்வாரம் என்றால் வெளி அளவு 32 × 26, அதாவது 832 சதுர அடி. 3 அடி என்றால் 26 × 20 = 520. படம் வரைந்து நான்கு மூலைகளையும் குறித்தவர் இந்தக் குழியில் விழுவதில்லை.

தாழ்வாரம் மட்டும் 240 சதுர அடி. ஓரடிச் சதுர ஆத்தங்குடித் தரைக்கல் என்றால் 240 கல் போதும். 10 அங்குலக் கல் என்றால் 240 × 144 ÷ 100 = 345.6, 346 என்று எழுதத் தோன்றும். ஆனால் 36 அங்குல அகலத்தில் மூன்று கல் போக 6 அங்குலம் மிஞ்சுகிறது. அதற்கு வெட்டிய கல்லில் மீதி 4 அங்குலம். அடுத்த 6 அங்குல இடத்துக்கு அது எட்டாது. 346 கல் வாங்கினால் வேலை பாதியில் நிற்கும். பரப்பளவுக் கோவைக்கு வெட்டுச் சேதம் தெரியாது.

வட்டிக் கணக்கில் மாறியைத் தேர்வதுதான் சாமர்த்தியம். முதல் ஆண்டுத் தொடக்கத்தில் ரூ.10,000, இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் இன்னொரு ரூ.10,000, ஆண்டுக்கு ஒருமுறை கூட்டு வட்டி, இரண்டாம் ஆண்டு முடிவில் கையில் ரூ.21,525. வட்டி வீதம் என்ன? ஒரு ரூபாய் ஓராண்டில் 'வ' ரூபாய் ஆகிறது என்று வைத்தால் 10000வ² + 10000வ = 21525. முதல் தொகை இரண்டு ஆண்டு வளர்ந்தது, அதனால் வர்க்கம், அடுத்தது ஓராண்டுதான். 25ஆல் வகுத்தால் 400வ² + 400வ − 861 = 0, அதாவது (20வ − 21)(20வ + 41) = 0. வ = 1.05. அவசரக்காரர் இங்கேயே வட்டி 1.05 என்று எழுதிவிடுவார். வ அசலும் சேர்ந்தது. ஒன்றைக் கழித்தால்தான் வட்டி 0.05, அதாவது 5 சதவீதம்.

முப்படிக் கணக்குகளில் எனக்கு மிகப் பிடித்தது தகரப் பெட்டி. 18 அங்குலச் சதுரத் தகட்டில் நான்கு மூலையிலும் 'உ' அங்குலச் சதுரம் வெட்டி, ஓரங்களை மடித்து மூடியில்லாப் பெட்டி செய்தால் கொள்ளளவு உ(18 − 2உ)². அது 400 கன அங்குலம் ஆக வேண்டும். பெட்டியின் உயரமான உ எவ்வளவு? விரித்து நான்கால் வகுத்தால் உ³ − 18உ² + 81உ − 100 = 0. 100இன் காரணிகளை ஒவ்வொன்றாகப் போட்டால் 4 பொருந்துகிறது: 64 − 288 + 324 − 100 = 0. கெழுக்களை மட்டும் வைத்து வகுக்கும் தொகுமுறை வகுத்தலில் 1, −18, 81, −100 என்ற கெழுக்களை 4ஆல் இறக்கினால் 1, −14, 25, மீதி 0. ஏதேனும் ஓர் உறுப்பு இல்லாத கோவையானால் அந்த இடத்தில் 0 போட மறக்கக் கூடாது.

பலரும் 4 கிடைத்ததும் பேனாவை மூடிவிடுவார்கள். உ² − 14உ + 25 = 0 இன்னும் பாக்கி. அதன் மூலங்கள் 7 + 2√6, 7 − 2√6. அதாவது சுமார் 11.9, 2.1. தகட்டின் பாதி 9 அங்குலம்தான், 11.9 வெட்ட இடமில்லை. 2.1க்கோ தடையே இல்லை: 13.8 அங்குல அடிப்பாகமுள்ள தட்டையான பெட்டியும் 400 கன அங்குலம்தான் கொள்ளும். உயரம் 4 அங்குலம், அல்லது சுமார் 2.1 அங்குலம். இரண்டையும் எழுத வேண்டும்.