'நேரடி முதலீடு எதுவும் இல்லை'

பருவநிலையைக் கெடுக்கும் எரிபொருள் நிறுவனங்களில் போட்ட பணத்தை எங்கள் பல்கலைக்கழகம் திரும்ப எடுக்க வேண்டும் என்று மாணவர்கள் நாங்கள் எழுதிய முதல் கடிதத்துக்கு, நிதி அலுவலகத்திலிருந்து வந்த பதில் ஒரே வரிதான்: நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களில் பல்கலைக்கழகத்துக்கு நேரடி முதலீடு எதுவும் இல்லை. படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டோம். சரி, வந்த வேலை முடிந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு கூட்டம்கூடப் போட்டோம்.

அந்த 'நேரடி' என்ற சொல்லைக் கவனித்தவள் கணக்கியல் படித்த தோழி. பல்கலைக்கழகங்களின் நிரந்தர நிதி, அதாவது உதவித்தொகை போன்ற செலவுக்கு வருமானம் தரும் மூலதனம், பெரும்பாலும் தன் பெயரில் பங்கு வாங்குவதில்லை. ஒரு நிதி மேலாண்மை நிறுவனத்திடம் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் அதைப் பலருடைய பணமும் கலந்த கூட்டு நிதிகளில் போடுவார்கள், ஏறத்தாழ மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி. அந்த நிதிக்குள் நிலக்கரிச் சுரங்கப் பங்கு இருக்கலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் கையில் இருப்பது நிதியின் யூனிட்டுகள் மட்டும். ஆக, எங்களுக்கு வந்த பதில் பொய்யில்லை. எங்களுக்குத்தான் கேள்வி கேட்கத் தெரியவில்லை.

தகவல் கேட்டு முறைப்படி விண்ணப்பித்தோம். 'புதைபடிவ எரிபொருளில் (நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவில்) மொத்தம் எவ்வளவு முதலீடு?' என்று கேட்டதற்கு, அப்படிப் பிரித்துக் கணக்கு வைப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அடுத்த முறை கேள்வியை மாற்றினோம். நிதியாண்டின் கடைசி நாளன்று எந்தெந்தக் கூட்டு நிதிகளில் எத்தனை யூனிட்டுகள், ஒவ்வொன்றின் மதிப்பு என்ன? இது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் கணக்கு, இல்லை என்று சொல்ல வழியில்லை. பட்டியல் வந்தது. ஒவ்வொரு நிதியும் தான் வைத்திருக்கும் பங்குகளை வெளியிட்டிருந்தது. அதை எடுத்து, பூமிக்கடியில் அதிகக் கரிம இருப்பு வைத்திருக்கும் 200 நிறுவனங்களை வரிசைப்படுத்தும் 'கார்பன் அண்டர்கிரவுண்ட் 200' பட்டியலோடு எக்செலில் ஒப்பிட்டோம். இரண்டு வாரம், நான்கு பேர். போராட்டம் என்றால் பதாகை எழுதுவது என்று நினைத்து வந்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கட்டத்தில் காணாமல் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கிடைத்த தொகை மொத்த நிதியில் சிறிய பங்குதான். இது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. இவ்வளவு குறைவு என்றால் விற்பதில் என்ன நஷ்டம் என்று நாங்கள் கேட்டோம். இவ்வளவு குறைவு என்றால் எதற்கு இத்தனை கூச்சல் என்று அவர்கள் கேட்டார்கள்.

மனுவில் கையெழுத்து வாங்கிய கதையை நீட்டவில்லை. வாங்கினோம், துணைவேந்தரிடம் கொடுத்தோம், கிணற்றில் போட்ட கல். முடிவெடுப்பது ஆட்சிக்குழுவின் கீழ் இயங்கும் முதலீட்டுக் குழு என்பதும், அது வருடத்துக்குச் சில முறைதான் கூடும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. முதல் நாளே தெரிந்திருந்தால் ஒரு பருவம் மிச்சமாகியிருக்கும்.

அந்தக் குழுவின் முன் பேசப் பத்து நிமிடம் கிடைத்தது. அதில் ஏழு நிமிடத்தை நான் பனிப்பாறை உருகுவதற்குச் செலவழித்தேன். எதிரில் இருந்தவர்களுக்கு அதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும். தலைவர் இரண்டே கேள்விதான் கேட்டார். நாம் விற்றால் வேறொருவர் வாங்கப் போகிறார், அந்த நிறுவனத்துக்கு என்ன நட்டம்? வருமானம் குறைந்தால் எந்த மாணவரின் உதவித்தொகையை நிறுத்துவது? இரண்டுக்கும் நான் திக்கினேன்.

அடுத்த கூட்டத்துக்குள் அந்த இரண்டு கேள்விகளை மட்டுமே படித்தோம். முதலாவதை ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்தோம். சந்தையில் பங்கு கைமாறுவதால் மட்டும் எண்ணெய் நிறுவனத்துக்கு ஒரு காசும் குறையாது, உண்மைதான். ஒரு பல்கலைக்கழகம் விலகும்போது அந்தத் தொழிலின் மரியாதை குறைகிறது, அதுதான் அடி. தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சிக்கு எதிராக 1985இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம், அங்கே தொழில் செய்த நிறுவனங்களின் பங்குகளை விற்க முடிவெடுத்ததும் இதே கணக்கில்தான். இரண்டாவது கேள்விக்குக் கார்பன் டிராக்கர் என்ற ஆய்வு அமைப்பு 2011இல் வெளியிட்ட எண்கள் கைகொடுத்தன. பூமியின் வெப்பநிலை உயர்வு 2 டிகிரியைத் தாண்டாமலிருக்க 2050 வரை வெளியேற்றக்கூடிய கரியமில வாயு சுமார் 565 கிகா டன். உலகில் உறுதி செய்யப்பட்ட நிலக்கரி, எண்ணெய், எரிவாயு இருப்புகளை எரித்தால் வெளிவருவது 2,795 கிகா டன். ஏறத்தாழ ஐந்து மடங்கு. எரிக்கவே முடியாத சரக்கைச் சொத்து என்று கணக்கில் எழுதிய நிறுவனத்தின் பங்கை நம்பி எத்தனை வருடத்துக்கு உதவித்தொகை கொடுப்பீர்கள் என்று கேட்டோம். அன்று முதல் முறையாகத் தலைவர் குறிப்பெடுத்தார்.

'முன்னே போனவர்கள் யார்?' என்றும் கேட்டார்கள். ஐரோப்பாவில் முதலில் முடிவெடுத்தது கிளாஸ்கோ பல்கலைக்கழகம், 2014இல். ஹார்வர்டின் கதை எங்களுக்குப் பிடித்தது. 2013இல் அதன் தலைவர் எழுத்திலேயே மறுத்தார். 2021இல் அதே பல்கலைக்கழகம் விலகுவதாக அறிவித்தது. ஆனால் குழுவை அசைத்தது கேம்பிரிட்ஜ் என்றுதான் நினைக்கிறேன். 2020இல் முடிவு, 2030 வரை கெடு. நாளைக்கே விற்கச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அறையில் இறுக்கம் தளர்ந்தது.

இதற்கிடையில் எங்களுடைய பெரிய பலவீனம், மாணவர்கள் படித்து முடித்துப் போய்விடுவார்கள் என்பது. தேர்வு வந்தால் இயக்கம் படுத்துவிடும் என்று நிர்வாகத்துக்கும் தெரியும், சும்மா காத்திருந்தாலே போதும். அதனால் ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு முதலாண்டு மாணவரைக் கூட்டிப் போனோம். ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் சேர்ந்துகொண்டார். அவருக்குத் தேர்வும் இல்லை, பயமும் இல்லை.

முடிவு வந்தபோது நான் படிப்பை முடித்திருந்தேன். எங்கள் கோரிக்கைகள் மூன்று. புதிதாக நேரடி முதலீடு செய்வதில்லை, ஏற்றுக்கொண்டார்கள். ஆண்டுதோறும் முழுப் பட்டியலை வெளியிடுவது, அதுவும் சரி. கூட்டு நிதிகளிலிருந்து ஐந்தாண்டுக்குள் வெளியேறுவது என்ற மூன்றாவது கோரிக்கைக்கு முன்னால் மட்டும் 'இயன்றவரை' என்று ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்கள்.

இந்த ஆண்டுப் பட்டியலைத் தம்பி ஒருவன் அனுப்பியிருந்தான், அன்று நாங்கள் கூட்டிப்போன முதலாண்டு மாணவர்களில் ஒருவன். பழைய நிதிகளில் ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. 'இயன்றவரை' என்றால் என்ன என்று கேட்டு விண்ணப்பம் எழுதியிருக்கிறானாம், வரைவைப் பார்த்துத் தரச் சொல்கிறான்.