பழைய ப்ராபெட்-5, புதிய ப்ராபெட்-5

அனலாக் சின்தசைசரில் (மின்சுற்றுகளால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) பழசுக்கு நிகர் பழசுதான் என்பவர்கள், ப்ராபெட்-5 என்ற சின்தசைசரின் 2020 பதிப்பை ஒருமுறை பொறுமையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மூலக் கருவி 1978இல் வந்தது. டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் செய்தது. ஒரே நேரத்தில் ஐந்து சுரங்கள். அதோடு, உருவாக்கிய ஒலியைச் சேமித்து வைத்துப் பொத்தானை அழுத்தித் திரும்ப எடுக்கலாம். அன்றைக்கு அது பெரிய விஷயம்.

அந்தப் பழைய கருவியின் முதல் இரண்டு பதிப்புகளில் எஸ்எஸ்எம் நிறுவனத்தின் சில்லுகள், மூன்றாவதில் கர்ட்டிஸ் நிறுவனத்தின் சில்லுகள். ஆனால் ஒலியின் அழகுக்குச் சில்லு மட்டுமே காரணம் இல்லை என்பது என் கருத்து. ஐந்து குரல்களுக்கும், அதாவது ஒவ்வொரு சுரத்தையும் ஒலிக்கவைக்கும் பகுதிக்கும், தனித்தனி சர்க்யூட். சூடு ஏற ஏறச் சுருதி லேசாக நகரும், ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டர் திறக்கும் அளவும் குரலுக்குக் குரல் கொஞ்சம் மாறும். ஒரு கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) அழுத்தினால் ஐந்து பேர் சேர்ந்து பாடுவது போல விரிந்து கேட்பது இதனால்தான்.

டேவ் ஸ்மித்துக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் 2020 கருவியில் ‘விண்டேஜ்’ என்றே ஒரு குமிழ் இருக்கிறது. 4இல் வைத்தால் சுருதி அசையாது. 1 நோக்கித் திருப்பினால் குரல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். ஃபில்டரையும் ஒரு ஸ்விட்சில் மாற்றலாம்: ஒன்று கர்ட்டிஸ், இன்னொன்று பழைய எஸ்எஸ்எம் ஃபில்டரை வடிவமைத்த அதே டேவ் ராசம் புதிதாகச் செய்தது.

எனக்கு 2ஐ ஒட்டிய இடம் பிடிக்கும். பேஸுக்கு (தாழ்ந்த சுரங்களுக்கு) மட்டும் 4.

அப்புறம், பழையதை வாங்க ஆசைப்படுபவர்கள் பழுதுபார்க்க நல்ல டெக்னீஷியனை முதலில் தேடிக்கொள்ளுங்கள்.