தாளைக் கிழித்துக் காட்டியவர்

சிறிய அச்சகம் ஒன்றில் வேலைத் திட்டமிடலும் கணக்கும் என் பொறுப்பில் இருந்த காலத்தில், புதுமை என்றால் புதிய இயந்திரம் வாங்குவதுதான் என்று உறுதியாக நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தவர், பைண்டிங் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வேலை பார்த்த மூத்த தொழிலாளி ஒருவர்.

ஆர்ட் கார்டு எனப்படும் பூச்சிட்ட கனத்த தாளில் அடர்ந்த வண்ணம் அச்சிட்ட அட்டைகள், மடிக்கும் இடத்தில் வெடித்து வெள்ளைக் கோடு காட்டுவது எங்களுக்குத் தீராத தலைவலியாக இருந்தது. மையைக் குறை சொன்னோம், லேமினேஷனைக் குறை சொன்னோம், மடிப்பவரின் கையையும் விட்டுவைக்கவில்லை. ஒருநாள் அவர் வீணான தாள் ஒன்றோடு என் மேசைக்கு வந்து, அதை நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்கே ஒருமுறையும் கிழித்துக் காட்டினார். ஒன்று கோடு போட்டாற்போல் நேராகக் கிழிந்தது; மற்றது கன்னாபின்னாவென்று பிய்ந்தது. பிறகு சிறு துண்டு ஒன்றின் ஒரு பக்கத்தை மட்டும் நனைத்து மேசைமேல் வைத்தார்; அது மெல்லச் சுருண்டு குழலானது. குழல் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ அதுதான் ‘கிரெயின்’, அதாவது தாளின் இழை ஓடும் திசை. ஆலையில் தாள் உருவாகும்போதே இழைகள் பெரும்பாலும் இயந்திரம் ஓடும் திசையில் படிந்துவிடுகின்றன. அந்தத் திசையை ஒட்டி மடித்தால் தாள் பணிந்துபோகும்; குறுக்கே மடித்தால் இழை முறியும், அதன் மேலிருக்கும் மையும் வெடிக்கும்.

நாங்களோ ஒரு தாளில் கூடுதலாக ஓர் அட்டை கிடைக்கிறது என்பதற்காக, எல்லா அட்டைகளையும் இழைக்குக் குறுக்கே மடிப்பு விழும்படி அடுக்கி அச்சிட்டுக்கொண்டிருந்தோம். அப்படி அடுக்கச் சொன்னது என் கணக்குதான். மிச்சப்படுத்திய தாளைவிட, வெடித்த அட்டைகளைத் திருப்பி அச்சிடுவதில் அதிகம் போய்க்கொண்டிருந்தது என்பதை அந்தக் கணக்கு காட்டவில்லை. ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். “சொன்னேன் தம்பி, மடிக்கிற வேலையை மட்டும் பாருங்கள் என்றார்கள்” என்றார். அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை அவர் நாகரிகம் கருதிச் சொல்லாமல் விட்டார்.

அதன்பின் ஒவ்வொரு வேலையின் விவரத்தையும் எழுதும் எங்கள் ஜாப் கார்டில் கிரெயின் திசையைக் குறிக்க ஒரு கட்டம் சேர்ந்தது. வேண்டிய திசையில் இழை ஓடும் அளவுத் தாளைக் கேட்டு வாங்கத் தொடங்கியதால், இழந்த அந்த ஓர் அட்டையும் பல வேலைகளில் திரும்பக் கிடைத்தது. இதைப் புதுமை என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் புதுமையை அளப்பதற்காகப் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 1992-இல் முதன்முதலில் வெளியிட்ட ஆஸ்லோ கையேட்டின் 2018 பதிப்பு, புதிய பொருளோடு வேலைமுறையில் வரும் மாற்றத்தையும் புதுமையாகவே வகைப்படுத்துகிறது. ஆராய்ச்சிச் செலவை மட்டும் பார்ப்பவர்களின் கண்ணுக்கு எங்கள் அச்சகம் சுழியாகத்தான் தெரிந்திருக்கும்.

டென்மார்க் நிறுவனங்களின் தரவுகளை வைத்து பொருளாதார அறிஞர் லுண்ட்வால் உள்ளிட்ட நால்வர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, புதுமை பிறக்கும் வழிகளை இரண்டாகப் பிரிக்கிறது: ஒன்று அறிவியல் ஆராய்ச்சி வழி, மற்றது செய்தும் பயன்படுத்தியும் பேசிப் பழகியும் கற்கும் வழி. இவற்றில் ஒன்றை மட்டும் நம்பிய நிறுவனங்களைவிட, இரண்டையும் இணைத்தவையே புதிய பொருள்களைக் கொண்டுவர அதிக வாய்ப்புள்ளவை என்று அது கண்டது. ஆய்வகம் வைக்க வசதியில்லாத சிறு தொழிலுக்கு முதல் வழி பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். வந்ததைப் புரிந்துகொள்ளவும் உள்ளே விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். நான் நம்பியிருந்த புதிய இயந்திரத்துக்கும் இதுவே பொருந்தும்.

திறமையுள்ள தொழிலாளியை இழப்பது எப்படிப்பட்ட இழப்பு என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பிறந்த ஆங்கிலேய இயந்திரக் கைவினைஞர் ஹென்றி மாட்ஸ்லே. 18 வயதில் லண்டனில் பூட்டு செய்பவரான ஜோசப் பிரமாவின் பட்டறையில் சேர்ந்தவர் அவர். பிரமாவின் பூட்டு வடிவமைப்பு அருமையானது, ஆனால் அதன் நுண்ணிய உறுப்புகளைக் கையால் செய்து கட்டுப்படியாகும் விலைக்கு விற்க முடியவில்லை. அவற்றைச் செய்வதற்கான இயந்திரங்களை உருவாக்கிக் கொடுத்தவர் இந்த இளைஞர். பிரமாவின் நீரழுத்த இயந்திரத்தில் நீர் கசியாமல் காத்த தோல் வளையமும் இவருடைய யோசனை என்றே சொல்லப்படுகிறது. அந்தப் பூட்டைச் சாவியில்லாமல் திறக்க 1851 வரை ஒருவராலும் இயலவில்லை. ஆனால் வாரம் 30 ஷில்லிங் கூலியை உயர்த்தித் தருமாறு மாட்ஸ்லே கேட்டபோது பிரமா மறுத்தார். 1797-இல் அவர் வெளியேறிச் சொந்தப் பட்டறை வைத்தார். துல்லியமான திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்தோடு அவர் பெயர் பிணைந்தது அதன் பிறகுதான். விட்வொர்த், நாஸ்மித் போன்ற அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள் அவருடைய பட்டறையில் வேலை பார்த்துத்தான் தேர்ந்தார்கள். பிரமாவுக்கு மிச்சமானது சில ஷில்லிங்.

தொழிலாளியின் அறிவு ஏன் வெளியே வருவதில்லை என்பதற்குக் கூலி மட்டும் காரணமன்று. சுவரில் யோசனைப் பெட்டி மாட்டியிருக்கும் இடங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் தூசிதான் இருக்கும். பைண்டிங் மேசையில் நிற்பவர் தன் விரலுக்குத் தெரிந்ததை எழுதிப் போட மாட்டார். தாளைக் கையில் கொடுத்துப் பக்கத்தில் நின்றால் காட்டுவார். காட்டியதற்காக வேலையின் வேகம் குறைந்தது என்று திட்டு வாங்கினால், அடுத்த முறை காட்டமாட்டார். தன் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தால் தன்னை அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சமும் சிலருக்கு உண்டு. அது ஆதாரமற்ற அச்சம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தாளைக் கிழித்துக் காட்டிய எங்கள் மூத்த தொழிலாளி ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது டிஜிட்டல் இயந்திரத்தில் இருக்கும் இளம்பெண், ஏ4 தாளைப் பாதியாக மடிக்கும் சிறு நூல்கள் விறைத்துக்கொண்டு திறந்தே நிற்கின்றன என்று சென்ற வாரம் வந்து சொன்னாள். கடைகளில் கிடைக்கும் ஏ4 தாளில் பெரும்பாலும் இழை நீளவாக்கில்தான் ஓடும். மடிப்போ குறுக்கே விழுகிறது. பெரிய தாளை வாங்கி வேறு திசையில் வெட்டிப் பார்க்கலாமா என்று கேட்கிறாள். இரண்டு ரீம் வீணாகலாம். சனிக்கிழமைப் பிற்பகலை அவளுக்கென்று ஒதுக்கி, வெட்டும் இயந்திரத்தில் வேறு வேலை எதுவும் போட வேண்டாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.